காட்சிக்கலையின் அடிப்படைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வரையத் தொடங்கியவர்களும், வரையாமல் பார்க்க மட்டும் விரும்புகிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்துப் பதில் தந்திருக்கிறேன். கோடு, வடிவம், நிறம் என்று பாடப்புத்தகங்கள் பிரித்துத் தருபவை ஒரு படத்துக்குள் அப்படிப் பிரிந்து இருப்பதில்லை. ஒவ்வொன்றும் தன் பக்கத்தில் என்ன இருக்கிறதோ அதைப் பொறுத்தே தன் இயல்பைப் பெறுகிறது. கீழே உள்ள பதில்களில் பெரும்பாலானவை அந்த ஒரு விஷயத்தைத்தான் வெவ்வேறு பக்கங்களிலிருந்து பேசுகின்றன.

காட்சிக்கலை என்பதில் எவையெல்லாம் அடங்கும்?

ஓவியம், கோட்டோவியம், சிற்பம், அச்சோவியம், ஒளிப்படம், சுடுமண் கலை, நெய்த சித்திரங்கள், நிகழ்படம், ஓர் அறை முழுவதையும் படைப்பாக்கும் நிர்மாணக் கலை என்று பட்டியல் நீளும். கட்டடக்கலையையும் பலர் சேர்த்துக்கொள்கிறார்கள்.

இசையும் கதையும் காலத்தில் விரிபவை. முதல் வரி முடிந்த பிறகுதான் இரண்டாம் வரி வரும். ஓவியமோ முழுவதுமாக ஒரே நேரத்தில் கண்முன் நிற்கிறது. எங்கே தொடங்குவது, எங்கே தங்குவது என்பது பார்ப்பவரின் கையில் இருக்கிறது. அந்தக் கண்ணை வற்புறுத்தாமல் வழிநடத்துவதற்காகவே கோடு, நிறம் முதலிய கூறுகள் எல்லாம் பயன்படுகின்றன.

கலையின் கூறுகள் ஏழு என்கிறார்கள். ஏழுதானா?

கோடு, வடிவம், உருவம், தொனி, நிறம், இழைநயம் (பரப்பின் வழவழப்பு, சொரசொரப்பு போன்ற தன்மை), வெளி (படத்துக்குள் தெரியும் இடமும் ஆழமும்) ஆகிய ஏழும்தான் இன்று பெரும்பாலான பாடத்திட்டங்களில் இருப்பவை. இது கற்பிக்கும் வசதிக்கான பட்டியல். அமெரிக்க ஓவிய ஆசிரியர் ஆர்தர் வெஸ்லி டோ 1899இல் மூன்றே போதும் என்றார்: கோடு, இருள்-வெளிச்சத்தின் அமைப்பு, நிறம். ஜெர்மனியில் 1919 முதல் 1933 வரை இயங்கிய பௌஹவுஸ் பள்ளி, மாணவர் எந்தத் துறைக்குப் போனாலும் முதலில் வடிவம், நிறம், மூலப்பொருள் ஆகியவற்றில் அடிப்படைப் பயிற்சி பெற வேண்டும் என்று வைத்தது. இன்றைய கலைக்கல்லூரிகளின் முதலாண்டுப் பாடத்தில் அதன் தடம் இன்னும் இருக்கிறது.

கிழக்கில் பட்டியல்கள் வேறு மாதிரி. காமசூத்திரத்துக்கு யசோதரர் எழுதிய உரையில் ஓவியத்தின் ஆறு அங்கங்கள் வருகின்றன: உருவ வேறுபாடு, அளவு, பாவம் (உணர்ச்சி வெளிப்பாடு), அழகு சேர்த்தல், ஒப்புமை, வண்ணக் கையாளல். சீன ஓவியரும் விமர்சகருமான சியே ஹ சொன்ன ஆறு நெறிகளில் முதலாவது, படத்தில் உயிர்மூச்சு ஓட வேண்டும் என்பது. இந்த இரண்டு பட்டியல்களிலும் உணர்ச்சியும் உயிரும் கோட்டுக்கும் நிறத்துக்கும் சமமாக உட்கார்ந்திருக்கின்றன. ஏழு கூறுகளை மனப்பாடம் செய்கிறவர்கள் இவற்றையும் ஒருமுறை பார்ப்பது நல்லது.

இயற்கையில் கோடே இல்லையே, பிறகு ஏன் கோட்டிலிருந்து தொடங்குகிறோம்?

ஒரு முகத்தைச் சுற்றிக் கறுப்புக் கோடு எதுவும் ஓடவில்லை என்பது உண்மை. முகம் முடிந்து பின்னணி தொடங்கும் எல்லை இருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் நம் பார்வை அமைப்பு அந்த எல்லைகளைத்தான் முதலில் தேடிப் பிடிக்கிறது. அதனால் எல்லையை மட்டும் கோடாக இழுத்துக் காட்டினாலும் மனம் முழுப் பொருளையும் கண்டுகொள்கிறது.

கோட்டின் இன்னொரு பக்கம், அது கையின் அசைவைச் சேமித்து வைக்கிறது என்பது. அழுத்தம் கூடினால் தடிக்கும், கை தயங்கினால் நடுங்கும், வேகமாகப் போனால் முனை மெலியும். ரெம்ப்ராண்டின் மைக் கோட்டோவியங்களில் நாலைந்து இழுப்புகளில் ஒரு கிழவரின் முதுகு வளைந்துவிடும். கிழக்காசியத் தூரிகை எழுத்தில் எழுதியவரின் மூச்சையே கோட்டில் படிக்கிறார்கள். ஒரே தடிமனில், ஒரே வேகத்தில் எல்லாவற்றையும் சுற்றி வரைந்தால் இது எதுவும் நடக்காது. தொடக்கநிலைப் படங்கள் உயிரற்றுத் தெரிவதற்குப் பெரும்பாலும் அளவுப் பிழையைவிட இந்தச் சீரான கோடுதான் காரணம்.

படுக்கைக் கோடு அமைதி, செங்குத்துக் கோடு உறுதி, சாய்கோடு அசைவு என்று சொல்வதுண்டு. பாதி சரி. சாய்கோட்டின் அசைவு சட்டத்தின் நேர் விளிம்புகளுக்கு எதிராக நிற்பதால் வருவது. எல்லாமே சாய்ந்திருக்கும் படத்தில் எதுவும் அசையாது.

வடிவத்துக்கும் உருவத்துக்கும் என்ன வேறுபாடு?

வடிவம் தட்டையானது: வட்டம், சதுரம், ஓர் இலையின் நிழல். உருவத்துக்குக் கனம் உண்டு: பந்து, பெட்டி, இலையே. தாளில் வட்டத்தைப் பந்தாக்குவது ஒளியும் நிழலும்.

பொருளைச் சுற்றியுள்ள வெற்றிடத்தைப் பார்க்கச் சொல்கிறார்களே, ஏன்?

ஒரு நாற்காலியை வரையும்போது நமக்குத் தெரிந்த நாற்காலியை வரைந்துவிடுகிறோம். இருக்கை சதுரம், கால்கள் நான்கும் ஒரே நீளம் என்ற அறிவு, கண் காண்பதைத் திருத்திவிடுகிறது. கால்களுக்கு இடையே தெரியும் காலி இடங்களைப் பற்றி நமக்கு அப்படி முன்முடிவு எதுவும் இல்லை. அவற்றை மட்டும் வரைந்தால் நாற்காலி தானாகச் சரியாக வந்து நிற்கும்.

இது வெறும் உத்தி மட்டுமில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டுச் சீனத் துறவி மூச்சி வரைந்த ஆறு பழங்களின் சிறு ஓவியம் ஜப்பானின் கியோட்டோவில் இருக்கிறது. மேசை இல்லை, சுவர் இல்லை, நிழல் இல்லை. பழங்களுக்கு இடையே விடப்பட்ட வெறுமையின் அளவு மாறிக்கொண்டே போகிறது. ஒன்று மட்டும் சற்றுக் கீழே இறங்கி முன்னால் வருகிறது. படம் முழுவதையும் தாங்குவது அந்த இடைவெளிகள்தான். சிற்பத்திலும் இதே கதை. பார்பரா ஹெப்வொர்த் 1930களின் தொடக்கத்தில் கல்லைத் துளைத்து மறுபக்கம் தெரியச் செய்தபோது, துளையும் கல்லுக்குச் சமமான வடிவமாகிவிட்டது.

தொனி என்றால் என்ன? நிறத்தைவிட அது முக்கியம் என்கிறார்கள்.

ஒரு பரப்பு எவ்வளவு வெளிச்சமாக அல்லது எவ்வளவு இருளாக இருக்கிறது என்பதே தொனி. சிவப்போ பச்சையோ, எந்த நிறத்துக்கும் அது உண்டு. மஞ்சள் இயல்பிலேயே வெளிர்ந்த தொனி, ஊதா இயல்பிலேயே அடர்ந்த தொனி.

முக்கியம் என்று நானும் சொல்வேன். பொருளின் கனம், தூரம், ஒளி வரும் திசை ஆகிய மூன்றையும் நாம் தொனியிலிருந்தே அறிகிறோம். அதனால்தான் கறுப்பு வெள்ளை ஒளிப்படத்தில் எதையும் இழந்ததாகத் தோன்றுவதில்லை. ரோம் நகரின் சான் லூயிஜி தேவாலயத்தில் கரவாஜியோ 1600 வாக்கில் வரைந்த மத்தேயுவின் அழைப்பு ஓவியத்தில், இருண்ட அறைக்குள் வலப்பக்கத்திலிருந்து ஒளி சாய்வாக வந்து முகங்களில் விழுகிறது. எந்த நிறத்தையும் நினைவில் வைக்க முடியாதவர்கூட அந்த ஒளியை மறக்க மாட்டார். பிக்காசோ 1937இல் குண்டு வீசப்பட்ட குவெர்னிகா நகருக்காக வரைந்த, ஏறக்குறைய 3.5 மீட்டர் உயரமும் 7.8 மீட்டர் அகலமும் கொண்ட ஓவியத்தில் கறுப்பும் வெள்ளையும் சாம்பலுமே ஆட்சி செய்கின்றன.

இதற்கு நேர் எதிரான ஓர் அற்புதமும் உண்டு. மோனே 1872இல் வரைந்த துறைமுகச் சூரியோதயத்தில் ஆரஞ்சு நிறச் சூரியன் துடிப்பதுபோல் தெரியும். அந்தப் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கிப் பார்த்தால் சூரியன் மேகத்தில் கரைந்து ஏறக்குறையக் காணாமல் போய்விடும். சூரியனுக்கும் சுற்றியுள்ள சாம்பல் நீலத்துக்கும் ஒரே தொனி. நிறத்தைப் பார்க்கும் பார்வை அங்கே ஏதோ இருக்கிறது என்கிறது. வெளிச்சத்தை அளக்கும் பார்வை ஒன்றுமில்லை என்கிறது. அந்த இழுபறிதான் துடிப்பு.

நீங்கள் வரைந்த படத்தைக் கைப்பேசியில் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். எல்லாம் ஒரே சாம்பலாகத் தெரிந்தால், நிறத்தை எவ்வளவு மாற்றினாலும் படம் எழாது.

அடிப்படை நிறங்கள் எவை? சிவப்பு, மஞ்சள், நீலமா? சிவப்பு, பச்சை, நீலமா?

எதைக் கலக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. திரையில் கலப்பது ஒளி. சிவப்பு, பச்சை, நீல ஒளிகள் சேரச் சேர வெளிச்சம் கூடி வெள்ளையாகும். தாளில் கலப்பது நிறப்பொருள். ஒவ்வொரு நிறப்பொருளும் ஒளியில் ஒரு பகுதியை விழுங்கிவிடுவதால் சேரச் சேர இருளும். அச்சகத்தில் சயான், மெஜந்தா, மஞ்சள் ஆகிய மூன்றோடு கறுப்பும் சேர்த்துப் பயன்படுத்துவது இதனால்தான். ஓவியர்கள் பல நூற்றாண்டுகளாகச் சொல்லிவரும் சிவப்பு, மஞ்சள், நீலம் அதே ஏற்பாட்டின் பழைய, தோராயமான வடிவம். அதைக் கொண்டு நல்ல ஓவியம் வரையலாம். பளிச்சென்ற ஊதா மட்டும் வராது.

நிறத்துக்கு மூன்று குணங்கள் உண்டு: எந்த நிறம், எவ்வளவு வெளிச்சம், எவ்வளவு செறிவு. பலரும் முதலாவதை மட்டும் மாற்றிக்கொண்டிருப்பார்கள். ஒரு படத்தில் நிறம் கூச்சலிடுகிறது என்றால் மூன்றாவதைத் தொட வேண்டும்.

தட்டில் கலந்தபோது சரியாக இருந்த நிறம் படத்தில் வைத்ததும் ஏன் மாறிவிடுகிறது?

இந்தக் கேள்விக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒரு வேதியியலாளர் பதில் கண்டுபிடித்தார். பாரிசின் கோப்லான் திரைச்சீலை நெசவாலையில் சாயப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தவர் மிஷெல் செவ்ரோல். கறுப்பு நூல் போதிய கறுப்பாக இல்லை என்று புகார் வந்தது. அவர் சாயத்தைச் சோதித்தார். குறை எதுவும் இல்லை. நூலைப் பிரித்துத் தனியே வைத்தால் நல்ல கறுப்பு. நீலத்துக்கும் ஊதாவுக்கும் பக்கத்தில் நெய்தால் மங்கல். கண் பக்கத்து நிறத்தின் எதிர்நிறத்தை இந்த நிறத்தின்மேல் ஏற்றிவிடுகிறது என்று விளக்கி 1839இல் வெளியிட்டார். சாம்பல் துண்டு ஒன்றைச் சிவப்பின் நடுவே வைத்தால் பச்சை சாயல் தெரியும். பச்சையின் நடுவே வைத்தால் சிவப்புச் சாயல் தெரியும்.

ஓவியர்களுக்கு இது பெரிய திறப்பு. ஷார்ஷ் சூரா 1884க்கும் 1886க்கும் இடையே, ஆற்றுத்தீவில் மக்கள் ஓய்வெடுக்கும் பெரிய ஓவியம் ஒன்றைத் தனித்தனி நிறத் தீற்றல்களாலும் புள்ளிகளாலும் கட்டினார். ஜோசப் ஆல்பர்ஸ் 1950இல் தொடங்கி வாழ்நாளின் கடைசிவரை, ஒன்றுக்குள் ஒன்றாகச் சதுரங்களை மட்டும் நூற்றுக்கணக்கில் வரைந்தார். அமைப்பு அதேதான், நிறம் மட்டும் மாறும். சில படங்களில் நடுச்சதுரம் முன்னே வரும். சிலவற்றில் குழிந்து உள்ளே போகும். ஆகவே உங்கள் தட்டில் இருந்த நிறம் பொய் சொல்லவில்லை. அதற்குப் பக்கத்தில் என்ன வரப்போகிறது என்று அதற்கு அப்போது தெரியாது. நிறத்தை ஒரு துளி படத்தில் வைத்துப் பார்த்த பிறகே முழுப் பரப்புக்கும் பூசுங்கள்.

சூடான நிறம் முன்னே வரும், குளிர்ந்த நிறம் பின்னே போகும் என்பது விதியா?

பழக்கம் என்று சொல்லலாம். தூரத்து மலைகள் காற்றின் ஊடே நீலமாகவும் வெளிறியும் தெரிவதால் நீலத்தைத் தூரத்தோடு சேர்த்துக்கொள்கிறோம். ஆனால் மங்கிய சிவப்புக்கு நடுவே செறிவான நீலத்தை வைத்தால் நீலம்தான் பாய்ந்து முன்னே வரும்.

இழைநயம் என்பது தொட்டு உணர்வதா, கண்ணால் உணர்வதா?

இரண்டும். வான்கா 1889இல் வரைந்த விண்மீன் இரவில் வண்ணம் மேடாகத் திரண்டு நிற்கிறது. பக்கவாட்டு ஒளியில் அதன் நிழலே விழும். அது உண்மையான இழைநயம். வெர்மேர் வரைந்த முத்துத் தோட்டில் முத்து என்று தனியாக எதுவும் இல்லை: மேலே கெட்டியான ஒரு வெள்ளைத் தீற்றல், கீழே கழுத்துப்பட்டை வெளிச்சத்தின் மெலிதான பிரதிபலிப்பு. நம் விரல்களின் நினைவு மீதியைச் செய்துவிடுகிறது. ஸ்பெயினின் அல்தமீரா குகைக் கூரையில் வரைந்தவர்கள் பாறையின் புடைப்பையே காட்டெருமையின் உடலாக்கிக்கொண்டார்கள். இரண்டு வகையும் அங்கே ஒன்றாகிவிடுகிறது.

பெர்ஸ்பெக்டிவ் தெரியாததால்தான் பழைய ஓவியங்கள் தட்டையாக இருக்கின்றனவா?

இல்லை. இந்தக் கருத்தை விட்டுவிட்டால் உலகின் பாதி ஓவியங்கள் உங்களுக்குத் திறக்கும்.

முதலில் பெர்ஸ்பெக்டிவ், அதாவது தட்டையான பரப்பில் ஆழத்தைக் காட்டும் முறை, எப்படி இயங்குகிறது என்று பார்ப்போம். பார்ப்பவர் ஒரே இடத்தில், ஒரே கண்ணால், அசையாமல் நிற்கிறார் என்று வைத்துக்கொள்கிறோம். அவரிடமிருந்து விலகிச் செல்லும் இணைகோடுகள் எல்லாம் கண்மட்டத்தில் உள்ள ஒரு புள்ளியில் சேரும். பதினைந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிளாரன்ஸ் நகரில் புரூனெலெஸ்கி இதைச் செய்து காட்டினார். 1435இல் ஆல்பர்ட்டி விதிகளாக எழுதினார். மசாச்சியோ 1427 வாக்கில் சுவரில் வரைந்த திரித்துவ ஓவியத்தில், தட்டையான சுவருக்குள் வளைகூரையோடு ஒரு மண்டபம் திறந்துகொள்கிறது.

இது மிக அழகான ஒரு தீர்வு. ஆனால் அது ஒரே ஒரு கேள்விக்கான தீர்வு: இங்கிருந்து பார்த்தால் எப்படித் தெரியும்? எகிப்திய ஓவியர்கள் கேட்டது வேறு: இந்த உடல் எதனால் ஆனது? அதனால் முகத்தைப் பக்கவாட்டிலும், கண்ணை நேராகவும், தோளை நேராகவும், கால்களைப் பக்கவாட்டிலும் வரைந்தார்கள். ஒவ்வொரு உறுப்பும் தன்னை முழுமையாகக் காட்டும் கோணம் அது. அரசர் பெரிதாக இருப்பார், பணியாள் சிறிதாக இருப்பார். அங்கே அளவு தகுதியைச் சொல்கிறது. சீன நெடுஞ்சுருள்களில் பார்வை ஒரே இடத்தில் நிற்பதில்லை. சுருளைப் பிரிக்கப் பிரிக்கப் பார்ப்பவர் மலைப்பாதையில் நடந்துகொண்டே இருக்கிறார். அஜந்தா ஓவியங்களில் ஒரே சுவரில் கதையின் பல தருணங்கள் பக்கம் பக்கமாக நிகழ்கின்றன. நிலையான ஒற்றைக் கண் இவர்களுக்கு இடைஞ்சலாகவே இருந்திருக்கும்.

வெளியை உணர்த்த வேறு வழிகளும் உண்டு. ஒன்று மற்றொன்றை மறைத்தால் மறைப்பது முன்னே இருக்கிறது. தூரம் போகப் போக விளிம்பு மங்கும், தொனி வேறுபாடு குறையும். லியனார்டோ இதை மிக நுணுக்கமாகக் கையாண்டார். கோடு எதுவும் இழுக்காமல் இந்த இரண்டைக் கொண்டே ஆழமான நிலக்காட்சியை வரைந்துவிடலாம்.

சமநிலை என்றால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்க வேண்டுமா?

அது ஒரு வகை மட்டும். சோழர் காலத்து நடராசர் செப்புத் திருமேனியைப் பாருங்கள். ஒரு கால் ஊன்றி, மற்றது குறுக்காக உயர்ந்து, கைகள் நான்கும் வெவ்வேறு திசையில். இடமும் வலமும் எதிலும் ஒத்துப்போகவில்லை. இருந்தும் விழுவதுபோல் தோன்றுவதில்லை. தூக்கிய காலின் எடையை எதிர்ப்பக்கக் கைகளும் விரிந்த சடையும் ஈடுகட்டுகின்றன, எல்லாவற்றையும் திருவாசியின் வட்டம் பிடித்து நிறுத்துகிறது. நின்றுவிட்ட ஆட்டமாக அல்லாமல் நிகழும் ஆட்டமாகத் தெரிவதற்கு அந்தச் சமமின்மைதான் காரணம்.

ஹொக்குசாய் 1831 வாக்கில் செய்த பேரலை அச்சில் இடப்பக்கம் மலைபோல் அலை எழுகிறது, வலப்பக்கம் ஏறக்குறைய வெறும் வானம். நடுவே தூரத்தில் கைப்பிடி அளவு ஃபியூஜி மலை. இவ்வளவு பெரிய அலைக்கு அந்தச் சிறிய மலை எப்படி ஈடாகும்? அது அசையாதது, சுற்றியுள்ள அனைத்தும் அசைகின்றன. பார்வைக்குக் கிடைக்கும் எடை பரப்பளவால் மட்டும் வருவதில்லை.

பார்ப்பவரின் கண் எங்கே போகும் என்பதைக் கலைஞர் தீர்மானிக்க முடியுமா?

ஓரளவு. தொனி வேறுபாடு கூர்மையாக உள்ள இடம், முகம், கூட்டத்திலிருந்து விலகிய ஒன்று, எல்லோரும் பார்க்கும் திசை ஆகியவை கண்ணை இழுக்கும். ஆனால் முழுக் கட்டுப்பாடு கிடையாது. ரஷ்ய அறிவியலாளர் ஆல்ஃபிரட் யார்பஸ், இலியா ரேபின் வரைந்த ஓர் ஓவியத்தைக் காட்டிப் பார்ப்பவரின் கண்ணசைவைப் பதிவு செய்தார். அதில் ஒருவர் எதிர்பாராமல் வீடு திரும்புகிறார். இவர்களின் வயது என்ன என்று கேட்டால் கண் முகங்களில் சுற்றியது. வசதி எப்படி என்று கேட்டால் உடைக்கும் அறைப் பொருட்களுக்கும் போனது. படம் ஒன்றே, பாதை வேறு. நாம் என்ன கேள்வியோடு போகிறோமோ அதைப் பொறுத்துப் படம் பதில் தருகிறது.

தங்க விகிதத்தில் அமைத்தால் படம் அழகாகிவிடுமா?

ஆகாது. 1.618 என்ற விகிதம் கணிதத்தில் அழகானது. ஆனால் மோனாலிசாவின் முகத்தின்மேல் சுருள் வரைந்து காட்டும் படங்களை நம்பாதீர்கள். போதிய தடிமனில் கோடு போட்டால் எந்தப் படத்திலும் எந்த விகிதத்தையும் பொருத்திவிடலாம். படத்தை மூன்று மூன்றாகப் பிரித்து, பிரிக்கும் கோடுகளில் முக்கியமானதை வைக்கச் சொல்லும் மூன்றில் ஒரு பங்கு விதியும் அப்படித்தான். எல்லாவற்றையும் நட்டநடுவே வைக்கும் பழக்கத்தை உடைக்க உதவும், அதற்குமேல் அதற்கு வேலை இல்லை.

ஊடகம் மாறினால் கலை மாறுமா? எண்ணெய் வண்ணமோ நீர்வண்ணமோ, வரைவது ஒன்றுதானே?

மாறும். ஊடகம் காய்கிற வேகமே கையின் பழக்கத்தை மாற்றிவிடும். முட்டை மஞ்சளில் குழைத்த டெம்பெரா நிமிடங்களில் காயும். அதனால் மெல்லிய கோடுகளை அடுக்கி அடுக்கி நிழலைக் கட்டினார்கள். ஆளி விதை எண்ணெய் ஆவியாகிக் காய்வதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மெதுவாக இறுகுகிறது. அந்த நாட்களுக்குள் விளிம்பைக் கரைக்கலாம், திருத்தலாம், காய்ந்தபின் கண்ணாடி போன்ற மெல்லிய வண்ணப் படலம் பூசலாம். மோனாலிசாவின் உதட்டோரம் எங்கே முடிகிறது என்று சொல்ல முடியாத அந்த மென்மை எண்ணெயால் வந்தது. நீர்வண்ணத்தில் தாளின் வெண்மையே வெளிச்சம். எங்கே பூசக்கூடாது என்பதை முதலிலேயே முடிவு செய்தாக வேண்டும்.

ஈரச் சுண்ணாம்புச் சுவர் ஓவியம் இன்னும் கடுமையானது. ஈரமான சுண்ணாம்பு காற்றின் கரியமில வாயுவை இழுத்துக் கல்லாக இறுகும்போது நிறப்பொருளையும் தனக்குள் பூட்டிக்கொள்ளும். அன்றைக்குப் பூசிய சுண்ணாம்பை அன்றே வரைந்து முடிக்க வேண்டும். மைக்கலாஞ்சலோ வத்திக்கானின் சிஸ்டைன் சிற்றாலயக் கூரையை 1508 முதல் 1512 வரை இப்படித்தான் பகுதி பகுதியாக முடித்தார். லியனார்டோவுக்கு இந்த அவசரம் ஒத்துவரவில்லை. கடைசி இராவுணவை உலர்ந்த சுவரில் நிதானமாக வரைந்தார். அவர் காலத்துக்குப் பின் சில பத்தாண்டுகளிலேயே அது உதிர்ந்து சிதைந்திருந்தது.

கருவிகளும் வரலாற்றைத் திருப்பியிருக்கின்றன. ஜான் ராண்ட் என்ற அமெரிக்க ஓவியர் 1841இல் பிதுக்கக்கூடிய வெள்ளீயக் குழாயை உருவாக்கினார். குழைத்த வண்ணத்தை வெளியே எடுத்துச் செல்வது எளிதானது. மோனே போன்ற இம்ப்ரெஷனிஸ்டுகள் திறந்தவெளியில் நின்று வரைந்ததில் அந்தக் குழாய்க்குப் பங்கு உண்டு.

சிற்பத்தில் என்னென்ன முறைகள் உள்ளன?

மூன்று அடிப்படை வழிகள். கல்லையோ மரத்தையோ செதுக்கினால் நீக்கிக்கொண்டே போகிறோம். எடுத்ததைத் திரும்ப ஒட்ட முடியாது. களிமண்ணில் சேர்த்துக்கொண்டே போகலாம், மனம் மாறலாம். வார்ப்பில் ஒரு பொருளின் வடிவம் வேறொரு பொருளுக்கு மாறுகிறது. சோழர் செப்புத் திருமேனிகளில் மெழுகில் உருவம் செய்து, மண் பூசி, சூடாக்கி மெழுகை வடித்து, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றினார்கள். அச்சை உடைத்தே சிலையை எடுக்க முடியும் என்பதால் ஒவ்வொன்றும் தனி. இருபதாம் நூற்றாண்டில் உலோகத் துண்டுகளைப் பற்றவைத்துக் கட்டும் முறையும், காற்றில் அசையும் அலெக்சாண்டர் கால்டரின் தொங்கு சிற்பங்கள் போன்றவையும் சேர்ந்தன. கால்டர் அந்தத் தொங்கு சிற்பங்களை 1930களில் செய்யத் தொடங்கினார்.

முழுச் சிற்பத்தைச் சுற்றி வர வேண்டும். புடைப்புச் சிற்பம் ஓவியத்துக்கும் சிற்பத்துக்கும் நடுவில் நிற்பது. மாமல்லபுரத்துப் பெரும்பாறையில் இயற்கையாக இருந்த பிளவையே ஆறாகக் கொண்டு, அதில் நாகர்களைச் செதுக்கி, இருபுறமும் தேவர்களும் விலங்குகளும் அதை நோக்கி வருவதாக அமைத்தார்கள். பாறையின் குறையாக நினைக்கத்தக்க ஒன்று படைப்பின் மையமாகிவிட்டது.

அச்சோவியம் பிரதிதானே? அதை மூலப்படைப்பு என்று எப்படிச் சொல்வது?

மரப்பலகையிலோ செப்புத் தகட்டிலோ கல்லிலோ கலைஞர் நேரடியாக உருவாக்கியது, மையிட்டுத் தாளில் ஒற்றிய பிறகுதான் நிறைவடைகிறது. வேறெங்கோ இருக்கும் ஓவியத்தின் நகல் அது இல்லை. ஓரத்தில் 7/50 என்று பென்சிலில் எழுதியிருந்தால் ஐம்பது படிகள் கொண்ட தொகுதியில் ஏழாம் எண் என்று பொருள்.

அரூப ஓவியத்தை எப்படிப் புரிந்துகொள்வது? குழந்தைகூட இப்படி வரையுமே?

என்ன பொருள் என்று கேட்பதைச் சற்றுத் தள்ளிவையுங்கள். இதுவரை பேசிய எல்லாமே, கோட்டின் அழுத்தம், நிறங்களின் உறவு, வெற்றிடம், எடை, அங்கே அப்படியே இருக்கின்றன. பெயர் சொல்லத்தக்க பொருள் மட்டும் இல்லை. ஸ்வீடனின் ஹில்மா ஆஃப் கிளின்ட் 1906 முதலே இப்படி வரைந்தார்; அடுத்த சில ஆண்டுகளில் காண்டின்ஸ்கியும் வந்து சேர்ந்தார். மாலெவிச் 1915இல் வெள்ளையின் நடுவே ஒரு கறுப்புச் சதுரத்தை வைத்தார். அது கச்சிதமான சதுரம்கூட இல்லை. பக்கங்கள் மெல்லச் சாய்கின்றன, அதனால் மிதக்கிறது.

குழந்தையின் கோட்டில் உயிர் இருக்கிறது என்பதை மறுக்கவே மாட்டேன். மிரோவும் பால் கிளேயும் அதை விரும்பிக் கற்றார்கள். ஆனால் நேர்கோடுகளாலும் நிறக் கட்டங்களாலும் படங்களைக் கட்டிய மொந்திரியானின் கறுப்புக் கோடுகளில் ஒன்றை மனதுக்குள் சற்று நகர்த்திப் பாருங்கள். படம் முழுவதும் சரிந்துவிடும். அப்படி நகர்த்த முடியாத நிலைக்கு அவர் பல திருத்தங்கள் வழியே வந்தார். பிடிக்காமல் போகலாம், அது வேறு. பிடிக்காத படத்திலும் இந்த உறவுகளைப் பார்க்க முடியும்.

பாணி, வகை, ஊடகம் மூன்றும் குழம்புகிறதே?

எதை வரைந்தார் என்பது வகை: உருவப்படம், நிலக்காட்சி, அசையாப் பொருள். எதனால் என்பது ஊடகம். எப்படி என்பது பாணி. எண்ணெய் வண்ணத்தில், இம்ப்ரெஷனிச பாணியில், ஒரு நிலக்காட்சி என்று மூன்றையும் சேர்த்தே சொல்லலாம்.

கணினியில் வரைவது கலையாகுமா?

ஆகும். கோடும் தொனியும் நிறமும் அங்கேயும் அதே விதமாகத்தான் உறவாடுகின்றன. ஒரு எச்சரிக்கை மட்டும்: பின்செல்லும் பொத்தான் இருப்பதால் கோட்டை இழுக்கும் முன் யோசிக்கும் பழக்கம் தேய்ந்துபோகும். வாரத்தில் ஒரு நாளாவது அழிக்க முடியாத பேனாவால் தாளில் வரையுங்கள்.

தனியாகப் பயில்வதற்கு எதிலிருந்து தொடங்கலாம்?

வெள்ளைப் பொருட்கள் மூன்றை, ஒரே விளக்கின் கீழ், வெள்ளைத் தாளின்மேல் வையுங்கள். கரியால் வரையுங்கள். வெள்ளை என்று நினைத்த பரப்பில் எத்தனை சாம்பல்கள் இருக்கின்றன என்பது அப்போது தெரியும். கண்ணைச் சற்று இடுக்கிப் பார்த்தால் விவரங்கள் மறைந்து பெரிய இருள், பெரிய வெளிச்சம் மட்டும் நிற்கும். முதலில் அவற்றை அடைத்துவிட்டு விவரத்துக்கு வாருங்கள். நிறம் பிறகு. அதற்கு ஒரு நிறமும் வெள்ளையும், பிறகு எதிர்நிறமும், என்று கூட்டிக்கொண்டே போகலாம். பெரிய வண்ணப்பெட்டி தொடக்கத்தில் தடையாகவே இருக்கும்.

பெரியவர்களின் ஓவியங்களைப் பார்த்து வரைவது தவறா?

தவறே இல்லை, மிகப் பழைய பயிற்சி அது. பாரிசின் லூவர் 1793இல் திறந்த காலம் முதலே ஓவியர்கள் அங்கே அமர்ந்து பார்த்து வரைகிறார்கள். வான்கா 1887இல் ஹிரோஷிகேயின் அச்சுகளை எண்ணெய் வண்ணத்தில் வரைந்தார். பின்னாளில் மில்லேயின் படங்களைத் தொடர்ந்து வரைந்தார். வரியாக ஒற்றி எடுப்பதைவிட, ஒரு கேள்வியோடு பார்த்து வரைவது பலன் தரும்: இன்று தொனியை மட்டும், நாளை வெற்றிடங்களை மட்டும். படத்தை வெளியே காட்டும்போது யாருடைய ஓவியத்தைப் பார்த்து வரைந்தது என்று அதன் பின்புறத்தில் எழுதிவிடுங்கள்.